ஏஜியன் கடலில் சாகபோஜனம்

பிரேயஸ் துறைமுகத்தில் எங்கள் கப்பல் புறப்படுவதற்கு முன், மற்றப் பிரயாணிகள் எல்லோரும் மேல்தளத்தில் ஒரு பக்கமாகத் திரண்டு நின்று ஏதென்ஸ் நகரத்தின் அக்ரோபோலிஸ் குன்று கண்ணுக்குத் தட்டுப்படுகிறதா என்று தேடிக்கொண்டிருந்த வேளையில், நான் மாத்திரம் எதிர்ப்பக்கத்துக் கைப்பிடியில் சாய்ந்துகொண்டு, கீழே லாரிகளிலிருந்து இறங்கிக் கப்பலுக்குள் சென்றுகொண்டிருந்த உணவுச் சாமான்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமிசப் பெட்டிகள் குளிர்சாதன வண்டியிலிருந்து நேரே உள்ளே போயின. தக்காளியும் கத்தரிக்காயும் கீரைக் கட்டுகளும் சற்று நேரம் வெயிலில் காத்திருந்தன. இதில் தாரதம்மியம் பார்ப்பது வம்புக்காரன் வேலை, ஆயினும் பார்த்தேன். இரண்டாயிரம் பேருக்கு மேல் ஏறியிருக்கும் ஒரு கப்பலில், பிறந்தது முதல் மரக்கறியன்றி வேறறியாத ஒரு கிழவனும், அவனைக் காட்டிலும் ஒரு படி மேலே போய்ப் பால், தயிர், நெய், தேன் இவற்றையும் துறந்துவிட்ட அவன் பேத்தியும் என்ன சாப்பிடப் போகிறார்கள் என்பதை அந்தக் கூடைகளைத் தவிர வேறு யார் தீர்மானிக்க முடியும்?

என் பேத்தி அனுஷ்டிப்பது வீகன் நெறி. 1944-ஆம் வருஷத்தில் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சன் என்பவரும் அவருடைய நண்பர்கள் சிலரும் அந்தப் பெயரைச் சூட்டி ஒரு சங்கம் ஏற்படுத்திய காலத்தில், நம் நாட்டுச் சைவக் குடும்பங்களில் பசுவின் பால் வேண்டாம் என்று யாராவது சொல்லியிருந்தால் அவருக்கு உடம்புக்கு என்ன என்றுதான் கேட்டிருப்பார்கள். நானும் முதலில் அப்படித்தான் கேட்டேன். அவள் கொள்கையைப் பற்றி எங்கள் வீட்டில் நடந்த தர்க்கங்களை இங்கே விவரிக்கப் புகுந்தால் கப்பல் புறப்படாது. கடல் வழியாகத் துருக்கிக் கரைக்கும், ரோட்ஸ், கிரீட், சாந்தொரினி ஆகிய தீவுகளுக்கும் போய்த் திரும்புவது என்று நாங்கள் இருவரும் நிச்சயம் செய்தபோது, உறவினர் ஒருவர் தவறாமல் எல்லோரும் கேட்டது, "கடலைப் பார்ப்பது இருக்கட்டும், சாப்பாட்டுக்கு என்ன செய்வீர்கள்?" என்பதுதான்.

கப்பலில் சாகபோஜனம் என்ற பிரஸ்தாபம் வந்தால், 1888-ஆம் வருஷம் செப்டம்பர் 4-ஆம் தேதி பம்பாயிலிருந்து சீமைக்குப் புறப்பட்ட ஒரு வாலிபரின் நினைவு வராமல் போகாது. இங்கிலீஷில் பேசக் கூச்சம். கத்தியையும் முள்ளையும் கையாளத் தெரியாது. பட்டியலில் கண்ட பதார்த்தங்களில் எது மாமிசம் கலவாதது என்று பரிசாரகரைக் கேட்கத் தைரியம் இல்லை. ஆகையால் பொதுவான போஜன சாலைக்கே போகாமல், ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த பட்சணங்களையும் பழங்களையும் அறையிலேயே வைத்துச் சாப்பிட்டுக்கொண்டு போனதாக மகாத்மா காந்தி தம்முடைய சுயசரிதத்தில் எழுதியிருக்கிறார். அதே காந்தி, 1891-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில், பாரிஸ்டர் பட்டத்துடன் 'ஓஷியானா' என்ற கப்பலில் தாய்நாடு திரும்பியபோது, அவருக்கும் கூடப் பிரயாணம் செய்த மற்றொரு சாகபட்சணிக்கும் காய்கறிக் கறியும் சாதமும் பழங்களும் பழுப்பு ரொட்டியும் முதல் வகுப்புப் பகுதியிலிருந்து தருவித்துக் கொடுக்கப்பட்டன என்பதை, பிற்பாடு லண்டன் 'வெஜிடேரியன்' பத்திரிகைக்கு அவர் எழுதிய கட்டுரையிலிருந்து அறிகிறோம். மூன்று ஆண்டுகளுக்குள் கப்பல் கம்பெனிகளின் அடுப்பங்கரை அப்படியொன்றும் திருந்திவிட்டிருக்க முடியாது. பிரயாணிக்குக் கேட்கும் வாய் வந்திருந்தது. இந்தப் பிரயாணம் முழுவதும் எனக்கு உபயோகப்பட்ட உபதேசம் இதைவிட வேறில்லை.

கேட்பதற்கும் ஒரு காலம், ஒரு கிரமம் உண்டு. டிக்கட்டு வாங்கும்போதே விசேஷ உணவு இன்னது என்று ஒரு படிவத்தில் எழுதி அனுப்பிவிட வேண்டும். கம்பெனிக்குக் கம்பெனி கெடு வேறுபட்டாலும், பிரயாணத்துக்குப் பல வாரங்கள் முன்னதாகவே அது போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் என்பது பொது விதி. கப்பலேறிய முதல் நாள் மாலையில் போஜன சாலையின் தலைவரை நேரில் கண்டு அதே விஷயத்தை மறுபடியும் வாயால் சொல்ல வேண்டும். ஏனென்றால், காகிதம் அலுவலகத்துக்குப் போகிறது, தட்டு வேறொருவர் கையிலிருந்து வருகிறது. அவரும் உபசாரமாக ஓர் ஏற்பாட்டைச் சொன்னார்: நாளைய இரவுக்கு உரிய பட்டியலை இன்று இரவே எங்களிடம் காட்டுவது, அதில் நாங்கள் குறித்துக் கொடுத்ததைச் சமையலறையில் தனியாகத் தயாரிப்பது. இந்த ஏற்பாடு இல்லாதவர்கள் பெரிய கப்பல்களில் எத்தனை பணம் கொடுத்தாலும் வேகவைத்த காய்கறிகளோடும் உருளைக்கிழங்கோடும் காலம் தள்ள நேரும்.

பட்டியலில் சில பதார்த்தங்களுக்கு எதிரே சிறிய இலைச் சின்னம் அச்சிட்டிருந்தது. நம் தேசத்தில் கடைப் பொட்டலங்களின் மேல் காணும் பச்சைப் புள்ளியை நம்பிப் பழகியவர்கள் இந்த இலையை அவ்வளவு எளிதில் நம்பிவிடலாகாது. நம் சட்டத்தில் முட்டை சேர்ந்தால் பச்சைப் புள்ளி கிடையாது. மேனாட்டார் கணக்கில் முட்டையும் பாலாடைக்கட்டியும் சைவமே. பாலாடைக்கட்டியிலும் ஒரு சூக்ஷ்மம் இருக்கிறது. இத்தாலியரின் புகழ்பெற்ற பார்மிஜானோ பாலாடைக்கட்டியை உறைய வைப்பதற்குக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த சத்தையே உபயோகிக்க வேண்டும் என்பது அதன் விதி. அதைத் தூவிய எதுவும் கண்டிப்பான சாகபட்சணிக்கு ஆகாது. பளபளவென்று நடுங்குகிற பழ ஜெல்லிகளில் மாட்டின் அல்லது பன்றியின் எலும்பும் தோலும் கரைந்த ஜெலட்டின். வூஸ்டர் சாஸ் என்ற கறுத்த திரவத்தில் நெத்திலி போன்ற ஒரு மீன். இப்படி வெளிக்குத் தெரியாமல் ஒளிந்திருப்பவை பல.

இரண்டாம் நாள் இரவு வந்த வெங்காய சூப்பின் வாசனை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பெயரிலும் வெங்காயம், பார்வையிலும் வெங்காயம், இலைச் சின்னமும் இருக்கிறது. கரண்டியை எடுக்கப் போன சமயம் பேத்தி தடுத்து, "தாத்தா, கொஞ்சம் இருங்கள், இதன் சாறு எதிலிருந்து எடுத்தது என்று கேட்போம்" என்றாள். பரிசாரகர் உள்ளே போய், சற்று நேரம் கழித்து, முகம் சிவந்து திரும்பி வந்தார். மாட்டெலும்பை மணிக்கணக்கில் காய்ச்சி இறக்கிய சாறுதான் அதற்கு ஆதாரம். இலை தவறாக விழுந்திருந்தது. அவர் மன்னிப்புக் கேட்டார், நாங்களும் மன்னித்தோம், சூப் திரும்பிப் போயிற்று. அன்றிலிருந்து அவரே ஒவ்வொரு தட்டையும் விசாரித்துவிட்டுத்தான் எங்கள் மேஜைக்குக் கொண்டுவருவார் என்பதால், அந்தச் சூப் ஒருவகையில் உபகாரமே செய்தது.

காலைப் பலகாரத்தைப் பற்றிப் புகார் இல்லை. ஓட்ஸ் கஞ்சி, தக்காளிச் சாற்றில் வெந்த அவரை விதைகள், பழங்கள், சோயாப் பால் ஊற்றிய காப்பி என்று எல்லாம் கிடைத்தன. காப்பியை மாத்திரம் காப்பி என்று சொல்லிக்கொள்வது கம்பெனியின் பெருந்தன்மை.

கப்பலில் ஓர் இந்தியச் சமையல்காரர் இருப்பதாகக் கேள்விப்பட்டுத் தேடிப் போனால், அவர் தூத்துக்குடிப் பக்கத்துப் பிள்ளையாக இருந்தார். உலகத்துக் கப்பல்களில் எல்லாம் கோவாக்காரர்களும் மங்களூர்க்காரர்களும் நம் தென்கோடிக் கடற்கரைக்காரர்களும் பரவியிருப்பது புதுமையல்ல. ஆனால் தமிழ்க் குரலைக் கேட்டதும் பசி இரண்டு மடங்காகிறது. கப்பலில் 'இந்தியச் சைவம்' என்று எங்களுக்கு வந்துகொண்டிருந்தவை, பனீர் வெண்ணெய் மசாலாவும் கொண்டைக்கடலையும் உருளைக்கிழங்கு காலிபிளவர்க் கறியுமே. வடக்கத்திச் சிற்றுண்டிச் சாலை ஒன்றின் பட்டியலை மேனாட்டார் யாரோ எப்போதோ எழுதி வைத்துக்கொண்டு, அதுதான் நூற்றுக்கணக்கான வகைச் சமையல் உள்ள ஒரு தேசத்தின் சாகபோஜனம் என்று நிச்சயித்துவிட்டார்கள் போலும். பனீரைத் தொடாத பேத்திக்கு அந்தப் பட்டியலில் பாதி அடிபட்டுப் போயிற்று.

"ஐயா, இங்கே எழுதி வெச்சபடிதான் சமையல்" என்றார் அவர். "அதுக்கு மேல ஒரு ரசம் வைக்கணும்னாலும் பெரிய செஃப் கையெழுத்து வேணும்."

"கையெழுத்து வாங்க முடியாதா, அண்ணா?" என்று பேத்தி கேட்டாள்.

"நீங்க கேட்டா முடியும், தங்கச்சி. நான் கேட்டா முடியாது."

கேட்டோம். சித்திரை வருஷப் பிறப்பு கப்பலில்தான் வந்தது. அன்றைக்கு என்று சொல்லி அநுமதி வாங்கினோம். புளி கிடைத்தது, பெருங்காயம் கிடைக்கவில்லை, கறிவேப்பிலையைப் பற்றிப் பேச்சே எழவில்லை. ஆயினும் மிளகும் பூண்டும் தட்டிப் போட்ட ரசமும், பாஸ்மதிச் சாதமும், புளிப்பான பச்சை ஆப்பிளை மாங்காயின் ஸ்தானத்தில் நிறுத்திப் பழுப்புச் சர்க்கரையும் மிளகாயும் கூட்டிச் செய்த பச்சடியும் வந்தபோது, பக்கத்து மேஜையிலிருந்த ஜெர்மானியத் தம்பதிகள் அதைக் காட்டித் தங்களுக்கும் கேட்டார்கள். பச்சடியில் வேப்பம்பூவின் கசப்பு ஒன்றுதான் குறை. அந்தக் கசப்பு இரண்டு நாள் கழித்துக் கிரீட் தீவில் கிடைத்தது; அதைச் சொல்வதற்கு முன் துருக்கிக் கரையைப் பற்றி ஒரு வார்த்தை.

குசாதாசித் துறைமுகத்தை நோக்கிக் கப்பல் போகும்போது, வெகு அருகில் ஸாமோஸ் தீவின் மலைகள் எழுந்து நிற்கின்றன. ஏறக்குறைய இரண்டாயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன் பித்தகோரஸ் பிறந்தது அந்தத் தீவில். பள்ளிக்கூடத்தில் முக்கோணத்தைக் காட்டி நம்மைப் பயமுறுத்திய அதே பித்தகோரஸ்தான், உயிர்கள் உடல் மாறிப் பிறக்கின்றன என்று போதித்து, மாமிசத்தை விலக்கியவர் என்று பழைய நூல்கள் அவரைச் சொல்கின்றன. 1847-இல் இங்கிலாந்தில் சாகபட்சணிகள் சங்கம் தோன்றி 'வெஜிடேரியன்' என்ற பெயர் வழக்குக்கு வரும் வரையில், மாமிசம் உண்ணாதவர்களை ஐரோப்பாவில் பித்தகோரஸைச் சேர்ந்தவர்கள் என்றே அழைத்துவந்தார்கள். அவர் அவரை விதையையும் விலக்கினார் என்று சொல்கிறார்களே, அதன் காரணம் மாத்திரம் அன்று முதல் இன்று வரை பண்டிதர்களுக்குள் வழக்காடப்பட்டு வருகிறது.

எபேசு நகரத்தின் இடிபாடுகளைக் கண்டு திரும்பி, குசாதாசியில் ஒரு சிறிய உணவு விடுதியில் உட்கார்ந்தோம். துருக்கிச் சமையல் என்றால் கம்பியில் சுற்றும் இறைச்சி என்று நினைத்துக்கொண்டு போகிறவர்கள், ஆலிவ் எண்ணெயில் மெதுவாக வேகவைத்து ஆறவிட்டுப் பரிமாறும் காய்கறிகளுக்கென்று அங்கே ஒரு தனி வர்க்கமே இருப்பதைப் பார்த்து ஆச்சரியப்படுவார்கள். இளம் அவரைக்காய், கூனைப்பூ, லீக் தண்டு, திராட்சை இலையில் அரிசியைப் பொதிந்தது, எல்லாவற்றுக்கும் தலையாக, வெங்காயமும் தக்காளியும் அடைத்த முழுக் கத்தரிக்காய். இந்தக் கத்தரிக்காயைச் சாப்பிட்ட இமாம் ஒருவர் ருசி தாங்காமல் மூர்ச்சை போட்டார் என்றும், இல்லை, அதற்குச் செலவான எண்ணெயின் கணக்கைக் கேட்டே மூர்ச்சை போட்டார் என்றும் இரண்டு கதைகள் உண்டு. எண்ணெயில் மிதந்துகொண்டிருந்த எங்கள் தட்டைப் பார்த்தபின் நான் இரண்டாவது கதையின் கட்சிக்காரனாகிவிட்டேன். பேத்தி கேளாமலே மேலே தயிரை ஊற்றிக் கொண்டுவந்தார்கள். அதைத் திருப்பி அனுப்பி வேறொன்று வாங்க வேண்டியதாயிற்று. தயிர் இருந்த தட்டு என் பக்கம் நகர்ந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ரோட்ஸ் தீவின் கோட்டையைப் பற்றி எழுதியவர்கள் பலர்; அங்கே நாங்கள் சாப்பிட்டது பழமும் ரொட்டியும்தான். கிரீட்டில்தான் இந்தப் பிரயாணத்தின் சாரமே கைக்கு வந்தது. நாங்கள் போனது ஈஸ்டர் பண்டிகைக்கு முந்திய பெருநோன்புக் காலம். கிரேக்கத் திருச்சபையைச் சேர்ந்தவர்கள் அந்த ஏழு வாரங்களிலும் மாமிசம் மாத்திரம் அல்ல, மீன், முட்டை, பால், வெண்ணெய், பாலாடைக்கட்டி எல்லாவற்றையும் விலக்குகிறார்கள். கண்டிப்பானவர்கள் சில நாட்களில் எண்ணெயும் சேர்ப்பதில்லை. இது தவிர, ஆண்டில் பெரும்பாலான புதன், வெள்ளிக்கிழமைகளும், கிறிஸ்துமஸுக்கும் ஆகஸ்டு மாதத்து மாதா திருநாளுக்கும் முந்திய நோன்புகளும் உண்டு. எல்லாவற்றையும் கூட்டினால் வருஷத்தில் ஏறக்குறைய பாதி நாள் ஆகிவிடும். வாட்சன் பெயர் சூட்டுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, என் பேத்தியின் நெறியை ஒரு ஜனசமூகம் முழுவதும் நாள் பார்த்து அனுஷ்டித்து, அதற்கேற்ற சமையலையும் பூரணமாக வளர்த்து வைத்திருக்கிறது. நம் ஏகாதசியையும் கார்த்திகைச் சோமவாரத்தையும் அறிந்த ஒருவனுக்கு இது புரியாத விஷயமல்ல.

ஹெராக்ளியன் நகரத்தில், கடைவீதியை ஒட்டிய ஒரு சந்தில், ஒரு மூதாட்டி நடத்திய விடுதியில் சாப்பிட்டோம். நோன்பு உணவுக்கு அவர்கள் வழங்கும் 'நிஸ்திசிமா' என்ற பெயரைப் பேத்தி முன்பே கேட்டுத் தெரிந்து வைத்திருந்தாள். அதைச் சொன்னவுடன் மூதாட்டியின் முகம் மலர்ந்தது. அந்நியர்களாகிய நாங்கள் ஏன் நோன்பிருக்கிறோம் என்று அவர் விசாரிக்கவில்லை. தக்காளியில் வெந்த பெரிய வெள்ளை மொச்சை. கத்தரிக்காய், சுரைக்காய் இனத்துச் சிறு காய், உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் சேர்த்து அடுப்பில் சுட்ட பிரியாம். பிறகு வேகவைத்து எண்ணெயும் எலுமிச்சையும் பிழிந்த ஒரு காட்டுக் கீரை. மலைப்பாறைகளிலும் கடலோரத்திலும் முள்ளுக்கு நடுவே முளைக்கும் அந்தக் கீரைக்கு ஸ்தம்நகாதி என்று பெயர். வாயில் வைத்ததும் சுரீரென்று ஒரு கசப்பு. "வருஷப் பிறப்பு இப்போதுதான் முடிந்தது, தாத்தா" என்றாள் பேத்தி.

முடிவில் தித்திப்பு வந்தது: நோன்பு நாட்களுக்கு உரிய ரவை அல்வா. எண்ணெய் ஒரு பங்கு, ரவை இரண்டு, சர்க்கரை மூன்று, தண்ணீர் நான்கு. ரவையை எண்ணெயில் சிவக்க வறுத்து, கொதிக்கும் சர்க்கரைப் பாகை ஊற்றிக் கிளறி, அச்சில் கொட்டிக் கவிழ்த்துவிடுகிறார்கள். நெய்யில்லாத ரவா கேசரி என்று சொன்னால் எங்கள் வீட்டில் யாரும் மதிக்கமாட்டார்கள். பட்டையும் பாதாமும் மணக்கும் அந்த அல்வாவைச் சாப்பிட்டபின் என் அபிப்பிராயத்தில் நெய்யின் அவசியம் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. இந்த மூதாட்டி போன்றவர்களின் உணவைத்தான் அமெரிக்க விஞ்ஞானி ஆன்ஸல் கீஸ், 1958-இல் தொடங்கிய தம்முடைய ஏழு தேசங்களின் ஆராய்ச்சியில் சேர்த்துக்கொண்டார். கிரீட்டுக் குடியானவர்களிடையே இருதய நோய் மிக அருமையாக இருந்ததை அவர் எடுத்துக்காட்டிய பிறகுதான் மத்தியதரைக் கடல் உணவு என்ற பேச்சே உலகத்தில் பரவிற்று.

சாந்தொரினியில் கப்பல் கரையை அணுகுவதில்லை. எரிமலை வெடித்து உள்வாங்கிய ஆழமான குடாவில் நங்கூரமிட இடமின்றி மிதந்து நிற்க, சிறு படகில் போய், செங்குத்தான பாறையின் உச்சியிலிருக்கும் ஊருக்குக் கம்பி வண்டியிலோ, ஏறக்குறைய அறுநூறு படிகளை ஏறியோ போய்ச் சேர வேண்டும். கழுதைகளும் உண்டு, பேத்தி கழுதையேற மறுத்துவிட்டாள். மேலே போனபின் எல்லோரும் வெள்ளைச் சுவர்களையும் நீலக் கும்மட்டங்களையும் படமெடுக்கிறார்கள். நாங்கள் பருப்பைத் தேடினோம். அந்தத் தீவில் விளையும் ஒரு மஞ்சள் பருப்பை வேகவைத்துக் குழையக் கடைந்து, பச்சை வெங்காயமும் உப்பிலிட்ட கேப்பர் மொட்டும் எண்ணெயும் மேலே இட்டுத் தருவார்கள். ஃபாவா என்பது அதன் பெயர். தாவர சாஸ்திரத்தில் லத்தீரஸ் க்ளிமேனம் எனப்படும் அது, நம் கேசரிப் பருப்பின் இனத்தைச் சேர்ந்தது. ஏறக்குறைய மூவாயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன் எரிமலைச் சாம்பலில் புதையுண்ட அக்ரோதிரி என்னும் ஊரை அத்தீவிலேயே தோண்டியபோது, அதே பருப்பின் விதைகள் அகப்பட்டிருக்கின்றன. மேலே போட்ட வெங்காயத்துக்காகத் தனியே விலை வைத்ததை மன்னித்துவிட்டேன்.

அன்று மாலை கப்பலுக்குத் திரும்பினால், இரவுப் பட்டியலில் எனக்கு மறுபடியும் பனீரும், பேத்திக்குச் சோயாக் கட்டியும் காத்திருந்தன. அரைக் காத தூரத்தில் மூவாயிரம் வருஷத்துப் பருப்பு வெந்துகொண்டிருக்க, கப்பலின் சமையலறை அதைப் பற்றி ஒன்றும் அறியாது. பட்டியல் மாதக்கணக்கில் முன்பே அட்லாண்டிக்குக்கு அப்பாலிருக்கும் தலைமை அலுவலகத்தில் எழுதப்பட்டு, அதன்படி சாமான்கள் கணக்கிட்டு ஏற்றப்படுவதால், எந்தக் கடலில் மிதந்தாலும் கப்பல் ஒரே ஊராகவே இருந்துவிடுகிறது. சாகபட்சணியை ஏதோ ஒன்றை இழந்தவனாகப் பாவித்து, இழந்ததற்கு ஈடாக இறைச்சியைப் போல ஒன்றைச் செய்து கொடுத்துச் சமாதானப்படுத்தப் பார்க்கிறார்கள். கரையிலோ அவன் எதையும் இழக்கவில்லை என்பது தட்டைப் பார்த்தாலே தெரிகிறது. எல்லாக் கம்பெனிகளும் இப்படியே என்று சொல்வது நியாயமாகாது. ஓஷியானியா என்ற கம்பெனி 2017-ஆம் வருஷத்திலேயே பாலும் முட்டையும் சேராத பதார்த்தங்கள் இருநூறுக்கு மேல் தன் கப்பல்களில் ஏற்படுத்தியது. பம்பாயிலிருந்து புறப்படும் கார்டீலியா கப்பலில் கிழங்கும் பூண்டும் விலக்கிய ஜைன போஜனம்கூடக் கிடைக்கிறது. மற்றவை பட்டியலின் ஒரு பக்கத்தையாவது துறைமுகத்துக்குத் துறைமுகம் மாற்றி எழுதினால் போதும். புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

இந்த வழியாகப் போக நினைக்கும் நம்மவர்களுக்கு நான் சொல்லக் கூடியது இவ்வளவே. படிவத்தைக் காலத்தில் அனுப்புங்கள். முதல் நாளே வாய் திறந்து கேளுங்கள். சமைத்த உணவைக் கரையிலிருந்து கப்பலுக்கோ, கப்பலிலிருந்து கரைக்கோ கொண்டுபோக அநுமதிப்பதில்லை, ஆனால் கடையில் வாங்கிய முத்திரை பிரிக்காத பருப்புப் பொடியையும் பெருங்காயத்தையும் பெரும்பாலான கம்பெனிகள் ஆட்சேபிப்பதில்லை. மத்தியான்னச் சாப்பாட்டைக் கரையில் வைத்துக்கொள்ளுங்கள். கூடியவரையில் ஈஸ்டருக்கு முந்திய வாரங்களில் போங்கள். ஈஸ்டரன்று தீவெங்கும் முழு ஆட்டைக் கம்பியில் கோத்துச் சுடத் தொடங்கிவிடுவார்கள். நோன்பு உணவு கேட்கும்போது கணவாயும் ஆக்டோபஸும் இறாலும் வேண்டாம் என்று சேர்த்துச் சொல்லிவிடுங்கள். இரத்தமில்லாத பிராணிகள் என்று அவற்றை அவர்கள் நோன்பில் விலக்குவதில்லை.